பக்கவாசலில் கிடந்த செருப்பு

இல்லைங்கண்ணா, பரவாயில்லை. இந்த மஞ்சள் பை மடியிலேயே இருக்கட்டும். லேப்டாப் பையை வேண்டுமானால் கீழே வைத்துவிடுகிறேன். உங்கள் காலுக்கு இடைஞ்சல் இல்லையே? சரி. மற்றவர்களாக இருந்தால் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு இதைக் கீழே போடுவார்கள். நான் கொஞ்சம் தலைகீழ்.

புளியம்பட்டியில் இறங்குகிறேன். நீங்கள் சத்தியமங்கலத்துக்கா? நல்லதாகப் போயிற்று. புளியம்பட்டி ஆளாக இருந்திருந்தால் பஸ் அன்னூர் தாண்டியும் வாயைத் திறந்திருக்கமாட்டேன். அந்த ஊரில் எல்லோரும் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டார்கள். உங்களுக்கு வரவில்லையே? வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். ஒருத்தன் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, தலையெல்லாம் சந்தனத்தோடு, கைக்கு ஒன்றாக இரண்டு ஷூவைத் தூக்கிக்கொண்டு புகைக்குள்ளிருந்து ஓடிவருவான்.

பார்த்த மாதிரி இருக்கிறதா? அது வேறு யாராவதாக இருக்கும்.

இல்லைங்க. நான்தான்.

சிரியுங்க, பரவாயில்லை. என் பெரியப்பாவே சிரித்தார். ஆனால் அந்த வீடியோவை மட்டும் பார்த்தால் விஷயம் புரியாது. முன்னும் பின்னும் தெரியவேண்டும். அதைச் சொல்லத்தான் போகிறேன், உங்களிடம் இல்லை, அங்கே. உங்களிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தால் வாய்க்குப் பழக்கமாகும்.

கோயம்புத்தூரில் ஒரு சின்ன ஆபீஸில் வேலை பார்க்கிறேன். என்ன வேலை என்று யாராவது கேட்டால் எங்கள் அம்மா, "கம்ப்யூட்டர்ல ஆளுங்கள நடக்க விடறான்" என்று சொல்லி முடித்துவிடுவார். தப்பும் இல்லை. ஒரு கட்டடம் இருக்கிறது, சினிமா தியேட்டரோ ரயில் ஸ்டேஷனோ. அதன் டிராயிங்கை வாங்கி எங்கள் சாஃப்ட்வேரில் ஏற்றுவோம். எது சுவர், எது வாசல், எது தூண் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுப்போம். பிறகு உள்ளே ஆட்களை விடுவோம். ஆள் என்றால் ஒரு புள்ளிதான். ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று விஷயம் சொல்லவேண்டும். எவ்வளவு அகலம், எவ்வளவு வேகம், எங்கே போகவேண்டும். பட்டனை அழுத்தினால் நடக்க ஆரம்பித்துவிடும். கூட்டம் நெருக்குகிற இடம் சிவப்பாகும், தாராளமாக இருக்கிற இடம் நீலமாக இருக்கும். அதைப் பார்த்து, இந்தக் கட்டடத்தில் ஏதாவது ஆனால் எல்லோரும் வெளியே வந்துவிடுவார்களா, மாட்டார்களா என்று ரிப்போர்ட் எழுதுவோம்.

எங்கே போகவேண்டும் என்கிற அந்த மூன்றாவது விஷயத்தைச் சொல்ல மறந்தால் அது ஓடாது. 'இந்த ஆளுக்கு இலக்கு இல்லை' என்று சிவப்பு எழுத்தில் காட்டிவிட்டு நின்றுவிடும். அதற்குமேல் எத்தனை தடவை பட்டனை அழுத்தினாலும் அதே பேச்சுத்தான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க, பின்னால் வரும்.

நான் தனியாகச் செய்த முதல் வேலை ஒரு கல்யாண மண்டபம். பேர் வேண்டாம். மண்டபக்காரர் ஏதோ அனுமதிக்காக ரிப்போர்ட் கேட்டு வந்தார். எங்கள் மேனேஜர் ஹரிஹரன் சார், "தரணி, நீயே போடு" என்று கொடுத்துவிட்டார். டிராயிங்கை ஏற்றினேன். அது அடிக்கணக்கில் போட்டது. நான் மீட்டர் என்று அழுத்திவிட்டேன். மண்டபம் மும்மடங்கு பெருத்துப் போயிற்று. முந்நூறு பேரை விட்டால் பாலைவனத்தில் எறும்பு போகிற மாதிரி போகிறார்கள். சார் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏப்பா, மேடையிலிருந்து பந்திக்குப் போக டவுன் பஸ் விடணும் போல இருக்கே" என்றார். ஆபீஸே சிரித்தது. இப்போது நினைத்தாலும் காது சுடுகிறதுங்கண்ணா. அடிக்கும் மீட்டருக்கும் வித்தியாசம் தெரியாதவன் என்று ஆகிவிட்டதே. என் வாழ்க்கையில் பெரிய அவமானம் அதுதான் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரிசெய்தேன். மண்டபத்துக்கு இரண்டு வாசல். முன்வாசல் பெரியது. மேடைக்குப் பக்கத்தில், பெண் அறையை ஒட்டி, பக்கவாசல் ஒன்று. கிட்டத்தில் இருக்கிற வாசலுக்குப் போ என்று புள்ளிகளுக்குச் சொன்னேன். மேடைப் பக்கம் இருக்கிறவர்கள் பக்கவாசலுக்கு, மற்றவர்கள் முன்வாசலுக்கு. ஓட்டினேன். எங்கேயும் சிவப்பே இல்லை. துடைத்துவிட்ட மாதிரி நீலம்.

சார் கேட்டார். "பக்கவாசலுக்கு இத்தனை பேர் போவாங்கன்னு எப்படிச் சொல்றே?"

"கிட்ட இருக்கிற வாசலுக்குத்தானே சார் யாரும் போவாங்க?"

"அதுவும் சரிதான்" என்று கையெழுத்துப் போட்டார்.

இதைக் கேளுங்க. அன்றைக்கு அவரும் நானும் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தோம். எங்கள் ஆபீஸில் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவோம். சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது பின்பக்கம் பைக் ஸ்டாண்டுக்கு நேராக ஒரு கதவு இருந்தும், செருப்புக்காக முன்பக்கம் வந்து, மாட்டிக்கொண்டு, கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு போவோம். தினமும். அப்படியும் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. அந்த மண்டபத்துக்குள் பிள்ளையார் இருக்கிறார். ஒருத்தர்கூட செருப்போடு உள்ளே வரமாட்டார்கள். முந்நூறு பேரின் செருப்பும் முன்வாசலில்தான் கிடக்கும். சாஃப்ட்வேரில் ஆள் பிறக்கும்போதே செருப்போடுதான் பிறக்கிறான் போல. கழற்றுகிற வசதியே அதில் கிடையாது.

அப்புறம்தான் எனக்கு வரன் அமைந்தது. பெண் பேர் கோகிலவாணி. புளியம்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவள் அப்பா அவிநாசியப்பன், பருத்தி வியாபாரம். நான் என்ன வேலை செய்கிறேன் என்று பொறுமையாகக் கேட்டுப் புரிந்துகொண்ட ஒரே மாமனார் உலகத்தில் அவராகத்தான் இருப்பார். நிச்சயத்துக்கு அந்த மண்டபத்தையே பிடித்தார். வருகிறவர்களை நிறுத்தி நிறுத்தி, "எங்க மாப்ள கம்ப்யூட்டர்ல முந்நூறு பேர ஓட விட்டுப் பார்த்துப் பாஸ் போட்ட மண்டபமுங்க இது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் கேட்காத மாதிரி நின்றுகொண்டிருந்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

என் ஷூவைப் பற்றிச் சொல்லவேண்டும். புதுசு. நல்ல தோல், காப்பிக்கொட்டை நிறம். பேண்ட் போட்டு வந்து, மண்டபத்தில்தான் வேட்டிக்கு மாறினேன். விசேஷ வீட்டில் புது ஷூவை வாசலில் விட்டால் திரும்பி வரும்போது என்ன கிடக்கும் என்று உங்களுக்கே தெரியும். அதனால் முன்வாசலில் வரவேற்பு மேசை போட்டிருந்தார்களே, அதன் விரிப்பைத் தூக்கி அடியில் ஒளித்து வைத்தேன். ஒருத்தரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன்.

தட்டு மாற்றி முடிந்தது. மேடையில் போட்டோ. போட்டோகிராபர், "சார், கையப் புடிங்க. டீச்சர் அடிக்கமாட்டாங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிடித்தேன். முதல் தடவை. கை ஈரமாக இருந்தது, அவளுடையதா என்னுடையதா தெரியாது. கேமராவைப் பார்த்தபடியே, உதடு அசையாமல், "மேசைக்கடியில ஷூவ ஒளிச்சு வெச்சதப் பாத்துட்டேன்" என்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "புதுசுங்க" என்றேன். "கடிக்குதா? நடக்கறப்ப ஒரு பக்கமா சாஞ்சீங்க" என்றாள். ஆமாம், குதிகாலில் கடித்துக்கொண்டுதான் இருந்தது. அதை வேறு யாரும் கவனிக்கவில்லை, அம்மாகூட.

பாருங்க, ஷூவை எனக்கு ஞாபகப்படுத்தியதே அவள்தான். அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளவேண்டும் இல்லையா?

அப்போதுதான் "பொகை! பொகை!" என்று சத்தம். முன்வாசலை ஒட்டி ஜெனரேட்டர். அதில் ஏதோ பற்றிக்கொண்டு கருகருவென்று புகை உள்ளே வர ஆரம்பித்தது. பக்கவாசல் எங்களுக்கு இரண்டு எட்டில் இருக்கிறது. திறந்து கிடக்கிறது, வெளியே வெயில் தெரிகிறது. மேடைப் பக்கம் இருப்பவர்கள் பக்கவாசல் வழியாக வெளியேறுவார்கள் என்று என் கையாலே டைப் அடித்திருக்கிறேன். நான் முன்வாசலுக்கு ஓடினேன், புகைக்கு நேராக.

நான் மட்டுமா ஓடினேன்? மண்டபமே ஓடியது. வாசலில் போய் எல்லோரும் குனிந்துவிட்டார்கள். முந்நூறு பேர் குனிந்தால் என்ன ஆகும்? "ஏ, அது என்னுதுடி", "ஒத்தையத்தான் காணோம்", "அத விடுங்க மாமா, வெளிய போங்க", "நீ போ, நாளைக்கு வெறுங்கால்லயா தோட்டத்துக்குப் போறது?" எல்லாம் இருமிக்கொண்டே. நான் மேசைக்கு அடியில் புகுந்தேன். விரிப்பு தலையில் சிக்கி இழுத்ததில் கற்கண்டுத் தட்டு, சந்தனக் கிண்ணம், பன்னீர்ச் செம்பு எல்லாம் என் மேலேயே வந்தன. ஷூ அகப்பட்டது. கைக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு வெளியே வந்தால் எவனோ செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

கையைப் பற்றிச் சொல்லவில்லை, இல்லையா? கோகிலவாணி கை. அதை எப்போது விட்டேன் என்று எனக்கு நினைவில்லை. மேடைக் கேமரா ஸ்டாண்டில் நின்றபடி ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது, அதில்தான் பிறகு பார்த்தேன். மேசைக்கு அடியில் புக இரண்டு கையும் வேண்டுமே.

வெளியே அவிநாசியப்பன் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "கோகிலா எங்கீங்க மாப்ள?" என்றார்.

"வந்துட்டிருப்பாங்க" என்றேன்.

வந்தாள். கடைசியில். முந்தானையை மூக்கில் பிடித்துக்கொண்டு, கண்ணெல்லாம் சிவந்து, காலில் ஒன்றும் இல்லாமல், அதே முன்வாசல் வழியாக. சுற்றிலும் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என் ஒரு கையைப் பார்த்தாள், மறு கையைப் பார்த்தாள். பிறகு அவள் அப்பாவிடம் போய் நின்றுகொண்டாள்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எலெக்ட்ரீஷியன் மண்ணைக் கொட்டி அணைத்துவிட்டார். சாம்பார் ஆறுவதற்குள் எல்லோரும் பந்தியில் உட்கார்ந்துவிட்டார்கள். என் பெரியப்பா சத்தமாக, "டேய் தரணி, எலை போட்டாச்சு, இப்பவாச்சும் அதக் கீழ வைடா" என்றார். அதுவரைக்கும் கையிலேயே வைத்திருந்திருக்கிறேன். அன்றைக்கே பேர் வந்துவிட்டது. செருப்பு மாப்பிள்ளை. ஷூ என்றுகூடச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

அடுத்த வாரம் அவிநாசியப்பன் போன் செய்தார். "புள்ள கொஞ்சம் யோசிக்கோணும்ங்கறா தம்பி." கவனித்தீங்களா? மாப்ள போய் தம்பி வந்துவிட்டது. இரண்டு நாள் கழித்து அவளே கூப்பிட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கோணும். போறப்ப ஒரு தடவையாச்சும் திரும்பிப் பாத்தீங்களா?"

நான் உண்மையைத்தான் சொன்னேன். "அந்த மாதிரி நேரத்துல யாருங்க திரும்பிப் பார்ப்பாங்க? எங்க சாஃப்ட்வேர்லயே ஆளுக்கு முகம் கிடையாது. இலக்கு ஒண்ணுதான். ஆராய்ச்சி பண்ணித்தான் அப்படி வெச்சிருக்காங்க."

"சரிங்க, வெச்சர்றேன்" என்றாள்.

கணக்கு டீச்சர் அல்லவா, வாயால் சொன்னால் நம்பமாட்டாள், ஓட்டிக் காட்டினால் புரிந்துகொள்வாள் என்று தோன்றியது. அன்றைக்கு நடந்ததை அப்படியே ஒரு புராஜெக்ட்டாகப் போட உட்கார்ந்தேன். பழைய மண்டப டிராயிங்தான், இந்தத் தடவை அடிதான் என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டேன். மேடையைப் போட்டேன், நாற்காலி வரிசையைப் போட்டேன், வரவேற்பு மேசையைப் போட்டேன். முன்வாசலைப் பாதி புகையால் அடைத்தேன். பிறகு ஒவ்வொரு ஆளுக்கும் முதல் இலக்கு செருப்பு, இரண்டாவது இலக்குதான் வெளியே போவது என்று மாற்றினேன். அதற்குச் செருப்பு எங்கே கிடந்தது என்று தெரியவேண்டுமே? சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் செய்தேன். "அத்தே, நிச்சயத்தன்னைக்கு செருப்ப எங்க விட்டீங்க?" அந்தப் பக்கம் போனைக் கையால் பொத்திக்கொண்டு சிரிக்கிற சத்தம் கேட்கும். ஒருத்தர் பாக்கியில்லாமல் கேட்டேன். எனக்கு அது தப்பாகத் தோன்றவில்லை. வேலையென்றால் விவரம் சேகரிக்கத்தான் வேண்டும்.

கோகிலவாணியின் தம்பியிடமும் கேட்டேன். "உங்கக்கா செருப்பு எங்க கெடந்துச்சு?"

"ஏனுங் மாமா, அதையும் தூக்கீட்டு ஓடறதுக்கா?" என்றான். பிறகு, பாவம் என்று நினைத்தானோ என்னவோ, "பக்கவாசல்லதான். ரூமு அங்கதானே இருந்துது. அன்னிக்கு எடுக்காமயே வந்துட்டா. இன்னும் அங்கயேதான் கெடக்கும்" என்றான்.

ஓட்டினேன். அண்ணா, என்ன சொல்ல. வீடியோவில் இருந்தது அப்படியே வந்தது. முன்வாசல் ரத்தச் சிவப்பு. மேசைக்கு அடியில் என் புள்ளி, ஆரஞ்சு நிறம் கொடுத்திருந்தேன், பக்கவாசலைத் தாண்டி எவ்வளவு தூரம் வந்து மாட்டிக்கொண்டு நிற்கிறது! மனசு லேசானது. இந்த இடத்தில் செருப்பை வைத்தால் யாராக இருந்தாலும் இப்படித்தான் போவான், என் தப்பு இல்லை என்று கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது.

ஒரே ஒரு புள்ளி மட்டும் ஒத்துவரவில்லை.

கோகிலவாணி புள்ளி. அவள் செருப்பு பக்கவாசலில். மேடையிலிருந்து இரண்டு எட்டு. பட்டனை அழுத்தினால் முந்நூறு பேரில் முதல் ஆளாக வெளியே போய்விடுகிறாள், வெயிலுக்கு, செருப்போடு. ஆனால் வீடியோவில் கடைசி ஆளாக, வெறுங்காலோடு, முன்வாசலில் வருகிறாள். எத்தனை தடவை ஓட்டினாலும் அதே கதை. வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன். மெதுவாகப் போகிறாள், ஆனால் பக்கவாசலுக்குத்தான் போகிறாள். இலக்கை எடுத்துவிட்டுப் பார்த்தேன். அதுதான் சொன்னேனே, சிவப்பு எழுத்து வந்து நின்றுவிட்டது. மேடைக் கேமரா வீடியோவை மறுபடி பார்த்தேன். கையை விட்ட இடத்திலேயே நிற்கிறாள். முன்பக்கமே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பக்கவாசல் வழியாக யாரோ "வாடி" என்று கூப்பிடுகிறார்கள். தலையை ஆட்டிவிட்டு மேடையிலிருந்து இறங்கி, புகைக்குள்ளே நடக்கிறாள்.

முன்பக்கம் ஏதாவது இலக்கு கொடுத்தால்தான் அப்படி வரும். அங்கே அவளுடையது என்று என்ன இருக்கிறது? பையா, போனா? அதையும் அவள் தம்பியிடம் கேட்டேன். எல்லாம் ரூமிலேயே இருந்ததாம். ஒன்றும் இல்லை.

வீடியோவோடு ஒத்துவராவிட்டால், ஒத்துவரும்வரை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது எங்கள் தொழில் வழக்கம். நான் ஒன்றும் யோசித்துச் செய்யவில்லைங்கண்ணா, சத்தியமாக. எங்கள் சாஃப்ட்வேரில் ஓர் ஆளை இன்னோர் ஆளுக்கு இலக்காக வைக்க முடியாது. ஓர் இடத்தைத்தான் வைக்கலாம். சும்மா ஒரு இடம் வேண்டும் என்று, என் ஆரஞ்சுப் புள்ளி போய் மாட்டிக்கொள்கிற அந்த மேசையடியை அவளுக்கும் இலக்காகக் கொடுத்தேன். அழுத்தினேன்.

அச்சு அசலாக வந்தது.

மேடையிலிருந்து இறங்கியது. தன் செருப்பைத் தாண்டிப் போயிற்று. சிவப்புக்குள் நுழைந்தது. இடிபட்டு இடிபட்டு மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றது. ஆரஞ்சு அதற்குள் வெளியே போய்விட்டிருந்தது. காலியிடத்தில் கொஞ்ச நேரம் நின்றது, பிறகு வெளியே வந்தது.

மூடிவைத்துவிட்டேன். ஹரிஹரன் சார் அந்தப் பக்கம் வந்தவர், "என்னப்பா, மறுபடியும் மீட்டரா?" என்றார். "இல்ல சார், சரியா வந்துருச்சு" என்றேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. இத்தனை பேருக்குப் போன் செய்து செருப்பைக் கேட்டிருக்கிறேன் பாருங்க. அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவள் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். அதற்கு நான் முகம் கிடையாது என்று பதில் சொல்லியிருக்கிறேன்.

நேற்றுப் போய் மண்டபத்தில் எடுத்து வந்தேன். பக்கவாசலில், அவள் தம்பி சொன்ன இடத்திலேயே கிடந்தது. ஒன்று நேராக, ஒன்று கவிழ்ந்து. தூசி. துடைத்தேன்.

ஆமாங்க. இந்த மஞ்சள் பைக்குள் அதுதான் இருக்கிறது. மடியில் செருப்பை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து வருகிறானே என்று உங்களுக்குச் சங்கடமாக இருந்தால் தள்ளி உட்காருங்க, தப்பாக நினைக்கமாட்டேன். கீழே வைக்க மனசு வரவில்லை.

லேப்டாப் எதற்கா? சார்ஜ் முழுக்க ஏற்றித்தான் கொண்டுவந்திருக்கிறேன். ஒருவேளை கேட்டால் காட்டலாமே. அதைத் திறந்து வைத்துவிட்டால் எல்லாம் தானாக ஓடும், நான் வாயைத் திறக்கவேண்டியதில்லை. இதைக் கொடுப்பதென்றால் ஏதாவது சொல்லவேண்டும். என்ன சொல்வது? வீட்டுக்குள் வா என்பார்களோ, வாசலிலேயே நிற்கவைத்துப் பேசுவார்களோ. அவள் அப்பா தம்பி என்பாரா, அதுவும் இல்லாமல் வாங்க போங்க என்பாரா. நீங்கள் என்ன ஒன்றுமே பேசாமல் வருகிறீர்கள்? ஏதாவது சொல்லுங்கண்ணா. மன்னிப்பா? அந்த ஒரு வார்த்தையா? அதைத்தான் காந்திபுரத்திலிருந்து வாய்க்குள் சொல்லிக்கொண்டே வருகிறேன். வெளியே வரும்போது சாஃப்ட்வேர் என்று வந்துவிடுகிறது.

கண்டக்டர் கத்துகிறார், புளியம்பட்டி வந்துவிட்டது. வருகிறேங்கண்ணா. இல்லை, இல்லை, அந்த அம்மா முதலில் போகட்டும், குழந்தையை வைத்திருக்கிறார்கள். நீங்களும் போங்க ஐயா. நான் எல்லோருக்கும் பின்னால் இறங்கிக்கொள்கிறேன்.

என்னதுங்க? ஐயோ, லேப்டாப். மறந்தே போய்விட்டேன் பாருங்க. அப்படியே தோளில் மாட்டிவிடுங்கண்ணா. கையில் கொடுக்காதீங்க. இந்தப் பையிலிருந்து நான் கையை எடுக்கமாட்டேன்.